சோட்டோவுக்கு 765, ஓட்டானிக்கு 700: கணக்கு தெரிஞ்சவங்க வாங்க வே

பாளை_பேட்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். ஐபிஎல் ஏலக் கணக்கு நமக்குத் தண்ணி பட்ட பாடு. 2025 ஏலத்துல டீமுக்கு 120 கோடி பர்ஸ். லக்னோ பந்த்துக்கு 27 கோடி போட்டுட்டா மிச்சம் 93 கோடிக்குள்ளதான் மத்த ஆளுகளை எடுக்கணும். சங்கர் நகர் மைதானத்துப் பக்கம் போறவங்களுக்கு டி.என்.பி.எல். கணக்கும் தெரியும். 2023 ஏலத்துல டீமுக்கு 70 லட்சம், அதுல சாய் சுதர்சன் ஒருத்தருக்கே கோவை 21.6 லட்சம் குடுத்துச்சு. (அந்த வருஷம் ஃபைனல்ல நம்ம நெல்லை ராயல் கிங்ஸை அடிச்சதும் அதே கோவைதான். அது தனி வயித்தெரிச்சல்.)

அமெரிக்க பேஸ்பால் சம்பளம்தான் பிடிபட மாட்டேங்குது. ஹுவான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் டீம் 15 வருஷத்துக்கு 765 மில்லியன் டாலர். ஓட்டானிக்கு டாட்ஜர்ஸ் 10 வருஷத்துக்கு 700 மில்லியன், ஆனா ஆடுற வருஷத்துல கையில வாங்குறது 2 மில்லியன்தானாம். இது வரியை ஏமாத்துற வேலை இல்லையா? 40 வயசு வரைக்கும் ஒருத்தனுக்கு எந்த நம்பிக்கையில சம்பளம் எழுதுதாங்க? ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் இருக்கும்போது நட்சத்திர ஆட்டக்காரனை டிரேடு பண்ணி வித்துடுதாங்களே, அது லாபமா நட்டமா? மேலோட்டமா வேண்டாம், நம்பரோட சொல்லுங்க.

---

அம்பை_கணக்கு:

முதலில் ஓட்டானி. ஆண்டுச் சம்பளம் 70 மில்லியன். அதில் 2 மில்லியன் அந்தந்த ஆண்டே கைக்கு வரும். மீதி 68 மில்லியன் சரியாகப் பத்து ஆண்டு தள்ளிப் போகிறது. 2024 சீசனுக்கு உரிய 68, 2034இல் வரும். இப்படியே 2043 வரை. மொத்தம் 680 மில்லியன் பின்தவணை, வட்டி ஒரு காசு கிடையாது. விஷயமே அந்த வட்டியில்லாத்தனத்தில்தான் இருக்கிறது.

சீட்டுப் பிடித்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று புரியும். பத்து வருஷம் கழித்து வரும் 68 ரூபாயை இன்றைக்கே கேட்டால் எவ்வளவு தள்ளிக் கொடுப்பார்கள்? லீக் அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொண்ட வட்டி 4.43 சதவீதம். 1-ஐப் பத்துத் தடவை 1.0443-ஆல் பெருக்கினால் 1.54 சொச்சம். 68-ஐ அதனால் வகுத்தால் 44 சொச்சம். கையில் கொடுக்கும் 2-ஐக் கூட்டினால் 46. டாட்ஜர்ஸின் லக்சரி டேக்ஸ் (மொத்தச் சம்பளம் வரம்பைத் தாண்டினால் டீம் கட்டும் வரி) கணக்கில் ஓட்டானி பேரில் ஆண்டுக்கு ஏறுவது இந்த 46 மில்லியன்தான். 70-உம் இல்லை, 2-உம் இல்லை. பத்து ஆண்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் 461 சுமார். 700 என்பது தலைப்புச் செய்திக்கான எண்.

சோட்டோவின் 765இல் பின்தவணையே இல்லை. கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் 75 மில்லியன் போனஸ். சராசரி ஆண்டுக்கு 51. ஆக எப்படிப் பார்த்தாலும் சோட்டோவுடையதே பெரிய ஒப்பந்தம். பேருக்கு 65 மில்லியன் வித்தியாசம் தெரிகிறதே, உண்மை வித்தியாசம் அதைவிடப் பல மடங்கு.

ஏமாற்றா என்றால், இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளிப் போடலாம் என்று லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தமே அனுமதிக்கிறது. ஆனால் ஒரு பூட்டு உண்டு. ஒரு சீசனில் சம்பாதித்த பின்தவணையின் இன்றைய மதிப்பை, அந்த சீசன் முடிந்து வரும் இரண்டாவது ஜூலை 1க்குள் கிளப் ஒதுக்கி வைத்தாக வேண்டும். ஆகவே "டாட்ஜர்ஸ் 2 மில்லியனில் ஓட்டானியை ஆட வைக்கிறது" என்பது வெறும் மீம். அவர்களுக்குக் கிடைத்தது கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான்.

ஓட்டானிக்கு வேறொரு லாபம் இருக்கலாம். கலிஃபோர்னியாவில் மாநில வருமான வரியின் உச்ச விகிதம் 13.3 சதவீதம். பத்து ஆண்டுக்குக் குறையாத தவணையாக வரும் பின்தவணைப் பணத்துக்கு, வாங்கும்போது குடியிருக்கும் மாநிலம்தான் வரி போடலாம் என்று 1996இல் வந்த மத்தியச் சட்டம் சொல்கிறது. 2034இல் அவர் வேறு எங்காவது குடியிருந்தால் கலிஃபோர்னியாவுக்குக் கை வெறும் கைதான்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் பழைய ஆட்டக்காரர் பாபி போனியா. 2000இல் மெட்ஸ் அவருக்குத் தர வேண்டியிருந்தது 5.9 மில்லியன். அதைத் தராமல் 8 சதவீத வட்டி ஒப்புக்கொண்டு, 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் 1.19 மில்லியன் தருகிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 30 மில்லியன். வட்டியோடு தள்ளிப் போட்டால் ஆட்டக்காரன் பிழைப்பான், வட்டியில்லாமல் தள்ளினால் கிளப் பிழைக்கும்.

---

தாழையூத்து_9:

கணக்கு சரி அண்ணாச்சி, நியாயம் எங்க? டாட்ஜர்ஸ் 2025 சீசனுக்குக் கட்டுன லக்சரி டேக்ஸ் மட்டும் 169 மில்லியன். சில டீமோட மொத்தச் சம்பளமே அவ்வளவு வராது. அபராதத்தைக் கட்டிட்டு சிக்னலைத் தாண்டுற பணக்காரன் மாதிரில்லா இருக்கு.

---

அம்பை_கணக்கு:

@தாழையூத்து_9 உமது கோபத்தில் ஞாயம் உண்டு. ஆனால் அபராதம் லேசுப்பட்டதல்ல, அதைச் சொல்லிவிடுகிறேன்.

2025இல் வரம்பு 241 மில்லியன், 2026இல் 244. தாண்டினால் முதல் ஆண்டு, தாண்டிய தொகையில் 20 சதவீதம். தொடர்ந்து இரண்டாம் ஆண்டு 30. மூன்றாம் ஆண்டு முதல் 50. இதற்கு மேல் படி படியாகக் கூடுதல் வரி: வரம்புக்கு மேல் 20 முதல் 40 மில்லியன் வரையான பகுதிக்கு 12 சதவீதம், 40 முதல் 60 வரை 42.5 (மறு ஆண்டும் அங்கேயே நின்றால் 45), 60க்கு மேல் போனால் 60. மூன்றாவது ஆண்டாக உச்சிப் படியில் நிற்கும் டீமுக்கு 50-உம் 60-உம் சேர்ந்து 110 சதவீதம். அந்த டீம் 30 மில்லியன் ஆள் ஒருவரைச் சேர்த்தால் சம்பளம் 30, வரி 33, ஆக 63 மில்லியன். 40 மில்லியனுக்கு மேல் தாண்டினால் டிராஃப்டில் (புது இளம் வீரர்களை டீம்கள் வரிசைப்படி எடுக்கும் தேர்வு) முதல் தேர்வும் பத்து இடம் பின்னால் போகும்.

ஒரே ஒரு ஆண்டு வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டால் விகிதம் மறுபடி 20இல் தொடங்கும். பெரிய டீம்கள் சில நட்சத்திரங்களைத் திடீரென்று கைகழுவுவதன் காரணம் பல நேரம் இதுதான்.

ரசிகர்கள் வழக்கமாகத் தப்புப் பண்ணும் இடம் ஒன்று இருக்கிறது. ஆடும் 26 பேரின் அந்த ஆண்டுச் சம்பளத்தைக் கூட்டிவிட்டு "இன்னும் 20 மில்லியன் இடம் இருக்கே" என்பார்கள். வரிக்கு எடுப்பது 40 பேர் பட்டியல். எடுப்பதும் அந்த ஆண்டில் கொடுக்கும் காசை அல்ல, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரியை. அதன் மேல் வீரர்களின் மருத்துவம், ஓய்வூதியம் என்று டீமுக்குச் சுமார் 17 மில்லியன். இளம் வீரர்களுக்கான 50 மில்லியன் போனஸ் நிதியில் முப்பதில் ஒரு பங்கு. டிரேடில் அனுப்பிய ஆளுக்காக ஒத்துக்கொண்ட பணமும் அனுப்பியவர் கணக்கிலேயே ஏறும். இதெல்லாம் சேர்ந்தால் அந்த 20 மில்லியன் இடம் காணாமல் போய்விடும்.

---

களக்காடு_ஏத்தன்:

15 வருஷக் கேள்விக்கு நான் வாரேன். எங்க பக்கம் வாழைத் தோட்டத்தைத் தார் வெட்டுறதுக்கு முன்னாலயே விலை பேசி முடிப்பாங்க. கணக்குப் போடுறது காய்க்கு, பயப்படுறது காத்துக்கு. பேஸ்பால் ஒப்பந்தமும் அதே கதைதான்.

மேல வரிக் கணக்கு சொன்னாங்கல்லா, "ஆண்டுச் சராசரி"ன்னு, அதைப் பிடிச்சுக்கங்க. நீளமான ஒப்பந்தத்தோட சூட்சுமம் அங்கதான். பிரைஸ் ஹார்ப்பருக்கு 2019ல ஃபிலீஸ் 13 வருஷம் 330 மில்லியன் குடுத்தாங்க, சராசரி 25.4. ட்ரே டர்னர் 11 வருஷம் 300, சராசரி 27.3. சாண்டர் போகார்ட்ஸ் 11 வருஷம் 280, சராசரி 25.5. டர்னரும் போகார்ட்ஸும் 30 வயசை ஒட்டிக் கையெழுத்துப் போட்டவங்க. 40 வயசுல ஷார்ட்ஸ்டாப்பா (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல ஓடி ஓடிப் பந்து தடுக்குற இடம்) நிப்பாருன்னு எந்த முதலாளியும் நம்பல. அதே 300-ஐ எட்டு வருஷத்துல அடைச்சா சராசரி 37.5, வரி எகிறும். அதான் இழுக்குறாங்க. கடைசி மூணு நாலு வருஷம் ஆட்டத்துக்கான சம்பளமே இல்ல, முதல் ஏழெட்டு வருஷத்தோட பாக்கி. "38 வயசுல இவருக்கு இவ்வளவா"ன்னு அப்போ திட்டுறவங்க இதை மறந்துட்டுத் திட்டுவாங்க.

சோட்டோ கதை கொஞ்சம் வேற. அவரு 26 வயசுல சந்தைக்கு வந்தவர். முழு ஃப்ரீ ஏஜென்ட் (எந்த டீமுக்கும் போகலாம்ங்கிற ஆளு) ஆக மேஜர் லீக்ல, அதாவது மேல்மட்ட லீக்ல, ஆறு வருஷ சர்வீஸ் வேணும், அதனால பெரும்பாலான ஆளுக வெளிய வரும்போது 29, 30 ஆயிடும். இவரு 19 வயசுலயே மேல வந்துட்டதால நல்ல காய்ப்பு வருஷம் அத்தனையும் வாங்குறவன் கையில கிடைக்குது. 2022ல நேஷனல்ஸ் 15 வருஷம் 440 மில்லியன் நீட்டுச்சு, வேண்டாம்னுட்டார். ரெண்டு சீசன் பொறுத்து 765.

பொறுக்காதவங்களும் உண்டு. 2019ல பிரேவ்ஸ் அக்குன்யாவை 8 வருஷம் 100 மில்லியனுக்கும், ஆல்பிஸை 7 வருஷம் 35 மில்லியனுக்கும் கட்டிப் போட்டுச்சு. ஆல்பிஸ் ஒப்பந்தம் என் கணக்குல டீம் அடிச்ச கொள்ளை. ஆனா கீழ்மட்ட மைனர் லீக்ல பஸ்ஸுல அலைஞ்சு வந்த பையனுக்கு 35 மில்லியன் உறுதிப் பணம்னா கை தன்னால கையெழுத்துப் போடும், குத்தம் சொல்ல முடியாது.

ஆப்ட்-அவுட்டைப் பாருங்க, அதாவது ஒப்பந்தம் முடியுறதுக்கு முன்னாலயே வெளியேறுற உரிமை. அது எப்பவும் ஆட்டக்காரன் கையில இருக்குற சாவி. நல்லா ஆடினா கதவைத் திறந்துட்டு வெளிய போய் இன்னும் கூடக் கேப்பான். மோசமா ஆடினா உள்ளயே உக்காந்துக்குவான். பெல்லிஞ்சர் 2024ல கப்ஸ்கிட்ட 3 வருஷம் 80 மில்லியன் வாங்குனாரு, வருஷா வருஷம் வெளியேறலாம்னு. முதல் வருஷம் சுமார், அதனால வெளியேறல. கப்ஸ் என்ன பண்ணுச்சு? 5 மில்லியன் கையிலேருந்து போட்டு யாங்கீஸுக்குத் தள்ளிவிட்டுச்சு, பதிலுக்கு வந்தது ஒரே ஒரு பிட்சர் (பந்து வீசுறவர்). அங்க போய் 2025ல நல்லா ஆடுனாரு, உடனே ஆப்ட்-அவுட். சோட்டோவுக்கும் 2029 சீசன் முடிஞ்சதும் அந்தச் சாவி இருக்கு. ஆனா மெட்ஸ் அடுத்த பத்து வருஷத்துக்கு 46 மில்லியனை 50 ஆக்கினா சாவி செல்லாது. அப்போ மொத்தம் 805.

இனி காத்து அடிச்ச தோட்டங்கள். பேஸ்பால் ஒப்பந்தம் முழுக்க உறுதிப் பணம், காயம்பட்டாலும் டீமை விட்டு அனுப்பினாலும் காசு வந்துட்டே இருக்கும். 2019 டிசம்பர்ல மூணே நாளுக்குள்ள மூணு பெரிய கையெழுத்து: ஸ்ட்ராஸ்பர்க் 7 வருஷம் 245, ரெண்டோன் 7 வருஷம் 245, கெரிட் கோல் 9 வருஷம் 324. மூணு பேருக்கும் ஏஜென்ட் ஸ்காட் போராஸ் ஒருத்தரே. ஸ்ட்ராஸ்பர்க் அதுக்குக் கொஞ்சம் முந்திதான் உலகத் தொடரின் (லீக்கோட ஃபைனல்) சிறந்த வீரர். ஒப்பந்தத்துக்கு அப்புறம் அவர் ஆடினது எட்டே மேட்ச். கழுத்து-தோள் பக்கம் நரம்பு அழுத்துற கோளாறு, 2024ல ஓய்வு. ரெண்டோன் ஒரு காயம் ஆறுறதுக்குள்ள அடுத்த காயம். கோல் மட்டும் 2023ல சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினாரு, அவரும் 2025 முழுக்க முழங்கை ஆபரேஷன்ல போச்சு. ஒரே வாரத்துல வாங்குன மூணு தோட்டம், ஒண்ணுலதான் ஒழுங்கா தார் வெட்டினாங்க.

இதுக்குப் பரிகாரமா சில சின்ன ஷரத்து எழுதுவாங்க. ரெட் சாக்ஸ் ஜான் லாக்கிக்கு எழுதுனது அருமையான வேலை: முழங்கைக் காயத்தால நெடுநாள் ஆட முடியாமப் போனா 2015ல ஒரு வருஷம் குறைஞ்சபட்சச் சம்பளத்துக்கு ஆடணும்னு. காயம் வந்துச்சு. அதுக்குள்ள அவரை கார்டினல்ஸுக்கு டிரேடு பண்ணிட்டாங்க, அந்த அஞ்சு லட்சம் டாலர் வருஷத்தை அனுபவிச்சது கார்டினல்ஸ்!

---

தாழையூத்து_9:

கொரேயா கதையை விட்டுட்டீரே வே. அதுதான் உச்சம்.

---

களக்காடு_ஏத்தன்:

விடல, மூச்சு வாங்கினேன். 2022 டிசம்பர்ல ஜயன்ட்ஸ் 13 வருஷம் 350 மில்லியன்னு பேசி முடிச்சு, பிரஸ் மீட்டுக்கு நாளும் குறிச்சாச்சு. மெடிக்கல்ல வலது கால் மேல சந்தேகம், 2014ல அந்தக் காலுல ஆபரேஷன் பண்ணித் தகடு வச்சிருக்கு. பிரஸ் மீட் ரத்து. அன்னிக்கு ராத்திரியே மெட்ஸ் 12 வருஷம் 315ன்னு வந்துச்சு. அவங்க டாக்டரும் அதே காலைப் பாத்துட்டுத் தயங்குனாரு. கடைசியில பழைய டீமான ட்வின்ஸ்கிட்ட 6 வருஷம் 200. அதுவும் 2025 ஜூலை கடைசி நாள்ல ஆஸ்ட்ரோஸுக்குப் போச்சு, ட்வின்ஸ் கூடவே 33 மில்லியனும் குடுத்தனுப்புச்சு. ஆகவே செய்தியில "ஒப்புக்கொண்டார்"னு வந்தா அது நிச்சயதார்த்தம். மெடிக்கல் முடிஞ்சாத்தான் தாலி.

---

வள்ளியூர்_லெஃப்டி:

டிரேடு கேள்வி இன்னும் நிக்குது. அதுக்கும் சோட்டோ ஒருத்தரை வச்சே பதில் சொல்லிரலாம், ஏன்னா அதே ஆளை மூணு டீம் மூணு நேரத்துல விட்டுக் குடுத்திருக்கு.

2022 ஆகஸ்ட்டுல நேஷனல்ஸ் வித்தப்போ அவர் மேல இன்னும் ரெண்டரை சீசன் பிடிமானம் இருந்துச்சு. பாட்ரேஸ் குடுத்தது ஆறு பேர்: கோர், ஏப்ரம்ஸ், ஜேம்ஸ் வுட், ஹாசல், சுசானா, கூட லூக் வாய்ட். இதுல ஏப்ரம்ஸ் 2024லயும், கோரும் வுட்டும் 2025லயும் ஆல்-ஸ்டார் ஆயிட்டாங்க. 2023 டிசம்பர்ல பாட்ரேஸ் வித்தப்போ மிச்சம் ஒரே வருஷம், அதுக்கும் சம்பளம் 31 மில்லியன். யாங்கீஸ் குடுத்தது மைக்கேல் கிங், தோர்ப், பிரிட்டோ, வாஸ்கெஸ், ஹிகாஷியோகா, பதிலுக்கு சோட்டோவோட ட்ரெண்ட் கிரிஷமையும் சேத்து வாங்கிக்கிட்டாங்க. 2024 கடைசியில யாங்கீஸ் விக்கவே இல்ல, சோட்டோ ஒப்பந்தம் முடிஞ்சு தானாவே மெட்ஸுக்குப் போனாரு. யாங்கீஸுக்குக் கிடைச்சது நாலாவது ரவுண்டுக்கு அப்புறம் ஒரு டிராஃப்ட் பிக். ஆனா அந்த ஒரு வருஷத்துல உலகத் தொடர் வரைக்கும் போனாங்க. எனக்குக் கேட்டா யாங்கீஸ் ஏமாறல, காசு குடுத்து ஒரு வருஷம் வாங்குனாங்க, அந்த வருஷம் கிடைச்சுச்சு.

ஆக டிரேடுல விலை போறது ஆளு இல்ல, மீதி இருக்குற வருஷமும் அந்த வருஷத்துச் சம்பளமும்.

அந்த வருஷத்தை எப்படி எண்ணுறது? சீசன் 187 நாள் சுமார், அதுல 172 நாள் மேஜர் லீக்ல இருந்தா ஒரு வருஷ சர்வீஸ். முதல் மூணு வருஷம் குறைஞ்சபட்சச் சம்பளம், 2025ல அது 7,60,000 டாலர். அடுத்த மூணு வருஷம் ஆர்பிட்ரேஷன் (டீமும் ஆளும் ஒத்துப் போகலன்னா நடுவர் சம்பளத்தை முடிவு பண்ணுவார்). ஆறு முடிஞ்சா ஃப்ரீ ஏஜென்ட். டீம்கள் இதுல பண்ணுற சில்லறை வேலை ஒண்ணு: 2015ல கப்ஸ் கிரிஸ் பிரையன்ட்டை ஏப்ரல் 17 வரைக்கும் மைனர் லீக்லயே வச்சிருந்துட்டு மேல கூப்பிட்டுச்சு. வருஷக் கடைசியில அவருக்கு 171 நாள். ஒரே நாள் குறைச்சல், ஒரு முழு வருஷம் கூடுதலா டீம் கையில. வழக்குப் போட்டாரு, 2020ல தீர்ப்பு அவருக்கு எதிரா வந்துச்சு.

பெட்ஸ் டிரேடுக்கு வாரேன், ஏன்னா அது எல்லாரும் தப்பாத் திட்டுற டிரேடு. 2020 பிப்ரவரியில ரெட் சாக்ஸ் மூக்கி பெட்ஸைக் குடுத்துட்டு வெர்டூகோ, டவுன்ஸ், வாங்னு மூணு பேரை வாங்குச்சு. பெட்ஸுக்கு ஒரு வருஷம், 27 மில்லியன். ரெட் சாக்ஸ் 2018, 2019 ரெண்டு வருஷமும் வரி கட்டின டீம், மூணாவது வருஷம் 50 சதவீதம் ஆயிரும். அதனால டேவிட் பிரைஸையும் சேத்துத் தள்ளுனாங்க. பிரைஸுக்கு 96 மில்லியன் பாக்கி, அதுல பாதியை ரெட் சாக்ஸே ஏத்துக்குச்சு. மேலப்பாளையம் சந்தையில நல்ல கிடாயோட நோஞ்சான் கிடாயையும் ஜோடி கட்டிப் பிடிச்சுட்டு நின்னா நல்ல கிடாய்க்கு என்ன விலை வரும்? பெட்ஸை வித்ததுல தப்பில்ல, பிரைஸோட கட்டி வித்ததுதான் தப்பு. அந்த ஜூலையிலயே டாட்ஜர்ஸ் பெட்ஸை 12 வருஷம் 365 மில்லியனுக்குப் பிடிச்சுப் போட்டுச்சு. 2020, 2024, 2025 மூணு கோப்பை.

இதுக்கு நேர்மாறா ஆஸ்ட்ரோஸ் 2024 டிசம்பர்ல கைல் டக்கரை வித்த விதத்தைப் பாருங்க. அவருக்கும் ஒரே வருஷம்தான் மிச்சம். சுமை எதுவும் கட்டல. ஐசக் பரேடஸ், வெஸ்னெஸ்கி, கேம் ஸ்மித்னு மூணு பேர் கப்ஸ்கிட்ட இருந்து வந்தாங்க. ஒரு வருஷ ஆளுக்கு அது நல்ல விலை.

ஐபிஎல் பழக்கத்துல சில பேர் "டிராஃப்ட் பிக்கைக் குடுத்து வாங்கலாமே"ன்னு எழுதுதாங்க. முடியாது. சின்ன டீம்களுக்குத் தனியாக் குடுக்குற காம்பெடிடிவ் பேலன்ஸ் பிக் தவிர வேற எந்தப் பிக்கையும் பேஸ்பால்ல டிரேடு பண்ண முடியாது. இன்னொண்ணு, 10 வருஷ சர்வீஸ், அதுல கடைசி 5 வருஷம் அதே டீம்னா, ஒப்பந்தத்துல எழுதாட்டியும் அந்த ஆளு எந்த டிரேடையும் மறுக்கலாம். நம்ம சென்னை ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் குடுத்துட்டு சாம்சனை வாங்குச்சே, அங்க பாத்தது 18 கோடிக்கு எதிரே 14-உம் 2.4-உம்னு சம்பளக் கணக்கு. பேஸ்பால்ல அந்தச் சம்பளத்தைவிட "இன்னும் எத்தனை வருஷம்"தான் முதல் கேள்வி.

---

பாளை_பேட்:

அடேயப்பா, இப்போ பெட்ஸ் விஷயம் தெளிஞ்சுது. ரெண்டு சந்தேகம். ஒரு டீம் ஆளை வச்சுக்கவும் இல்ல, விக்கவும் இல்ல, சும்மா விட்டா பிக் கிடைக்குதுன்னீங்களே, அது எப்பவுமா? அப்புறம் ஜப்பான்ல இருந்து வாரவங்களுக்கு டீமுக்கும் தனியா காசு குடுக்காங்களாமே?

---

அம்பை_கணக்கு:

எப்போதும் இல்லை. குவாலிஃபையிங் ஆஃபர் என்று ஒரு வருஷ ஒப்பந்தத்தைப் பழைய டீம் நீட்டியிருக்க வேண்டும், வீரர் அதை மறுத்திருக்க வேண்டும். அதன் தொகை லீக்கின் முதல் 125 சம்பளங்களின் சராசரி. 2024 கடைசியில் 21.05 மில்லியன், 2025 கடைசியில் 22.025. ஒரு வீரருக்கு வாழ்நாளில் ஒரு தடவைதான் நீட்டலாம். சீசன் நடுவில் டிரேடில் வந்தவருக்கு நீட்டவே முடியாது. ஜூலைக் கடைசியில் இரண்டு மாத ஆளை வாங்கும் டீம் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் கடைசியில் வெறுங்கை.

அப்படி மறுத்தவரை வாங்கும் புது டீமுக்கும் இழப்பு உண்டு. வரி கட்டிய டீமானால் டிராஃப்டில் இரண்டாவது, ஐந்தாவது உயர்ந்த பிக்கும், வெளிநாட்டு இளைஞர்களுக்கான நிதியில் 1 மில்லியனும் போகும். பெரிய டீம்களின் வருவாயில் பங்கு வாங்கும் சின்ன டீமானால் மூன்றாவது உயர்ந்த பிக் மட்டும். நடுத்தர ஆட்டக்காரர்களுக்கு இது பெரிய கால்கட்டு. அலான்ஸோ 2024 குளிர்காலத்தில் ஆஃபரை மறுத்துவிட்டு பிப்ரவரி வரை காத்திருந்து மெட்ஸிடமே 2 வருஷம் 54 மில்லியனுக்கு வந்தார். ஒரு வருஷத்தில் வெளியேறினார், இரண்டாம் தடவை நீட்ட முடியாது, பிக் இழப்பும் இல்லை. ஓரியோல்ஸ் 5 வருஷம் 155 கொடுத்தது. இடையில் அவர் நன்றாக ஆடியதும் காரணம்தான், ஆனால் அந்தக் கட்டு அவிழ்ந்ததும் ஒரு காரணம்.

ஜப்பான் கணக்கு: ஒப்பந்தத்தின் முதல் 25 மில்லியனுக்கு 20 சதவீதம், அடுத்த 25க்கு 17.5, அதற்கு மேல் 15. யமமோட்டோ 12 வருஷம் 325 மில்லியன். 5 + 4.375 + 41.25 = 50.625 மில்லியன் அவருடைய ஜப்பான் டீமுக்கு. இது 325க்கு மேல், தனியாக. லக்சரி டேக்ஸ் கணக்கில் ஏறாது என்பதால் பணக்கார டீம்களுக்கு இது வலிக்காத செலவு. 25 வயது நிரம்பாதவராக இருந்தால் கதை மாறும். ரோக்கி சசாக்கி 23 வயதில் வந்ததால் வெளிநாட்டு இளைஞர் நிதிக்குள்தான் வாங்க முடிந்தது, போனஸ் 6.5 மில்லியன்.

---

தாழையூத்து_9:

எல்லாம் சரி. நான் திரும்பவும் ஆரம்பிச்ச இடத்துக்கே வாரேன். ஐபிஎல் மாதிரி கண்டிப்பான பர்ஸ் வச்சுட்டா இந்தக் கூத்தே இல்லையே?

---

வள்ளியூர்_லெஃப்டி:

பர்ஸ் வச்சா யாருக்கு மிச்சம்னு முதல்ல பாரும். ஐபிஎல் 2026 ஏலத்துல கேமரன் கிரீனுக்கு கொல்கத்தா 25.20 கோடி வரைக்கும் கேட்டுச்சு. விதிப்படி அவர் கையில போறது 18 கோடி, மிச்சம் வாரியத்துக்கு. சந்தை விலை ஒண்ணு, ஆட்டக்காரன் வாங்குறது ஒண்ணு. பேஸ்பால் வீரர் சங்கம் இதைத்தான் அம்பது வருஷமா எதுத்து நிக்குது. 1975 தீர்ப்புக்கு முன்னால ஒப்பந்தம் முடிஞ்சாலும் டீமை விட்டுப் போக வழியே இல்லாம இருந்தவங்க அவங்க. 1994ல முதலாளிமார் சம்பள உச்சவரம்பு கேட்டப்போ 232 நாள் வேலைநிறுத்தம், அந்த வருஷம் உலகத் தொடரே நடக்கல. இப்போ உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 வரைக்கும்தான். அதுல திரும்பவும் இதே சண்டைதான் முன்னால நிக்குது.

உச்சவரம்பு வேணும்னா அடிவரம்பும் வேணும்னு நான் சொல்லுவேன். வருவாய்ப் பங்கை வாங்கிப் பையில போட்டுக்கிட்டு ஆளே எடுக்காத முதலாளியும் இருக்கான். டாட்ஜர்ஸை மட்டும் திட்டி என்ன புண்ணியம்?

---

தாழையூத்து_9:

அடிவரம்பு சரி, அதை ஒத்துக்கிடுதேன். 169 மில்லியனை ஒத்துக்கிட மாட்டேன்.

---

பாளை_பேட்:

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். சோட்டோவோட 51, 2025 வரம்பான 241ல 21 சதவீதம். பந்த் 120 கோடியில 27, அதாவது 22.5. சாய் சுதர்சன் 70 லட்சத்துல 21.6, கிட்டத்தட்ட 31. அப்போ இந்த மூணுல பெரிய ஒப்பந்தம் கோவை போட்டதுதானா அண்ணாச்சி?

---

அம்பை_கணக்கு:

ஆமாம் வே. பின்தவணையும் இல்லை, ஆப்ட்-அவுட்டும் இல்லை. ஃபைனலையும் நம்மிடம்தான் ஜெயித்தார்கள்.